நாடி பார்த்த இரண்டு நிமிடம்

ஜூன் 2, திங்கள்

ஜவுளிக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகக் கலாமணியின் தையல் மெஷின் மேல் ஊசி டப்பாவுக்கு மெத்தையாக இருந்தது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். "ஜனவரியிலிருந்து மே வரைக்கும் உங்க வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலீங்களாக்கும்" என்றாள். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் அதிகம். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிறவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. ஆகஸ்ட் இருபதாம் தேதி எருமை மலை ஏற வேண்டும். கம்பெனியின் பறப்புப் பதிவேட்டில் நேரம், காற்று, பேட்டரி என்று எண்களைத்தான் எழுதலாம். யார் யாரை என்ன திட்டினார்கள் என்று எழுத அதில் இடம் இல்லை.

எருமை என்பது எங்கள் விமானம். ஆள் ஏறாத விமானம். மூன்று மீட்டர் இறக்கை, நின்ற இடத்திலிருந்தே மேலே தூக்க நாலு மூலைக்கு நாலு மோட்டார், முன்னால் தள்ள வாலில் ஒன்று. எல்லாம் பேட்டரி. ஓடுதளம் தேவையில்லை, நெல் காயவைக்கிற களம் அளவு இடம் இருந்தால் எழும், இறங்கும். காகிதத்தில் அதற்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் இருக்கிறது. முதல் மாதத்தில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ப் பக்கத்துச் சோளக்காட்டில் படுத்துக்கொண்டதால், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கிட்டுச்சாமி அதை எருமை என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மலைமேல் கருங்காட்டுப்பதியில் ஒரு துணை சுகாதார நிலையம். பாம்புக்கடி மருந்து வேண்டுமென்றால், அங்கே வண்டி கிடையாது, ஒன்பது கிலோமீட்டர் நடந்து இறங்க வேண்டும். கடித்த பாம்பு அவ்வளவு நேரம் தருவதில்லை. எருமை பதினான்கு நிமிடத்தில் போய்விடும். போய்விட வேண்டும்.

என் வேலை, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அது தானாகப் பறக்கும். நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பேன். ஏதாவது தவறினால் ஒரு சுவிட்சைத் தட்டுவேன். விமானம் என் இரண்டு கட்டைவிரல்களுக்கு வந்துவிடும். எட்டு மாதத்தில் பதினோரு முறை காப்பாற்றியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஜூன் 4, புதன்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை ஏழு மணிக்கு, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று எழும் முன், எருமையை என் கையால் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கி இரண்டு நிமிடம் அப்படியே நிறுத்துவேன். அந்த இரண்டு நிமிடத்தில் மோட்டார்கள் எழுதிவைக்கும் கோடுகளைப் பார்த்துத்தான் அன்றைக்குப் பறக்கலாமா வேண்டாமா என்று ரிஸ்வானா முடிவு செய்வாள். கோடு நேராக இருந்தால் மோட்டார் நலம். இதற்கு நாடி பிடிப்பது என்று பெயர் வைத்தவனும் கிட்டுச்சாமிதான்.

ரிஸ்வானா உக்கடத்துப் பெண். விமானத்தின் மூளையை எழுதுகிறவள். பேச்சு குறைவு. கோட்டைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் எங்கள் காலை வணக்கம்.

ஜூன் 9, திங்கள்

பேக்கரியில் டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுக்கிறார்கள். பாதி டீ சட்டையில். கடைக்காரனைத் திட்டினேன்.

ஜூன் 14, சனி

கலாமணி சீட்டு கட்டப் போயிருந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"ஏனுங்க, தெருமுனை வரைக்கும் தீயற நாத்தம் வருது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

சளி பிடித்திருக்கிறது என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சட்டியைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தேய்த்தது நான்தான்.

ஜூன் 17, செவ்வாய்

நாடியில் ஒரு நடுக்கம். நாலாம் மோட்டாரின் கோடு நொடிக்கு ஐந்து முறை ஏறி இறங்குகிறது. அதற்கு எதிர்மூலையில் இருக்கும் ஒன்றாம் மோட்டாரிலும் லேசாக இருக்கிறது. மற்ற இரண்டும் சுத்தம்.

நாலாம் மோட்டார் போன மாதம் கிட்டுச்சாமி புதிதாகச் சுற்றியது. எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"என்னத்தப் பாக்கறீங்க? என்ற மோட்டாரு கல்லு மாதிரி இருக்குது" என்றான்.

ஜூன் 19, வியாழன்

பேனா சரியில்லை. வரி ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, போகப் போக எழுத்து சிறுத்துவிடுகிறது. கலாமணி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எறும்பு ஊர்ற மாதிரி எழுதறீங்க" என்றாள். அடுத்தவர் டைரியைப் பார்ப்பது தப்பு என்றேன். படிக்கவே முடியாததைப் பார்த்தால் என்ன தப்பு என்றாள்.

நாளை வேறு பேனா வாங்க வேண்டும். பால் பாக்கெட் கூப்பனும்.

ஜூன் 24, செவ்வாய்

நாலாம் மோட்டாரைப் பிரித்துவிட்டார்கள். தலைமுடி போன்ற செம்புக்கம்பி, மோட்டாருக்குள் இருக்கும் இரும்புப் பல் ஒவ்வொன்றிலும் எண்ணிச் சுற்ற வேண்டும். கிட்டுச்சாமி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினேன். நானும் அவனும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. வார்னிஷ் வாசனை தலையைச் சுற்றுகிறது என்று எல்லோரும் வெளியே போனார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சளி இன்னும் போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

நடுக்கம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 28, சனி

கலாமணி என் சட்டைகளை எல்லாம் எடுத்துப் பொத்தான் இறுக்கித் தைத்துவைத்திருக்கிறாள். கேட்காமலே செய்கிறாள் என்றால் ஏதோ வாங்கித் தரச் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். ஆனால் சட்டை சட்டென்று மாட்டிக்கொள்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் சட்டை போடுவதற்கே நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பொத்தான் துளை சிறியது என்று நினைத்தேன்.

ஜூலை 2, புதன்

முதலாளி வரதராஜன் வந்தார். பம்பு ஏற்றுமதி செய்து சம்பாதித்ததை எல்லாம் எருமையின் வயிற்றில் போட்டவர். இரண்டாம் முறையாகப் பிரித்துச் சுற்றிய மோட்டாரிலும் அதே நடுக்கம் என்று ரிஸ்வானா காட்டினாள். ப்ரொப்பெல்லரை மாற்றியாயிற்று, அதைத் தாங்கும் குழாயையும் மாற்றியாயிற்று.

"கிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மோட்டாரையும் வெளிநாட்டுலருந்து வரவெச்சர்லாம்னு இருக்கறேன். தேதி நெருங்குது."

கிட்டுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவன். வரதராஜன் போனபின் என்னிடம் வந்தான்.

"டேய் மாப்ள, நீதான் கையில புடிச்சுப் பாக்கறே. உனக்கு என்ன தோணுது? மெய்யாலுமே என்ற மோட்டாருதானா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

தெரியவில்லைதான்.

ஜூலை 5, சனி

கிட்டுச்சாமி இன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் முறையாகக் கம்பி சுற்றுகிறான். வெளிநாட்டு மோட்டாருக்குப் பதினெட்டாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டுமாம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் ரிமோட்டை விமானத்தோடு இணைக்காமல் சும்மா கையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலை வைத்து அசையாமல் இருந்தால் முதல் பத்து நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் வலது கட்டைவிரலில் ஒரு துடிப்பு. கண் இமை துடிப்பது போல. ஷெட்டில் ஏசி அதிகம். காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் ஐந்து இருந்திருக்கும் என்று யார் சொன்னார்கள்?

ஜூலை 11, வெள்ளி

ரிமோட்டிலிருந்து என் விரல் அனுப்பும் கட்டளைகளை நாங்கள் பதிவு செய்வதில்லை. மெமரி கார்டில் இடம் போதாது என்று ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டோம். மோட்டாரைச் சந்தேகப்படலாம், குழாயைச் சந்தேகப்படலாம், இந்தத் திருமூர்த்தியின் கையை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்று நாடி பிடிக்கும் முன் ரிஸ்வானா பெரிய கார்டு ஒன்றைப் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதாண்ணா, எல்லாத்தையும் ஒரு தடவ பதிஞ்சு பாக்கலாம்னு."

இறக்கியபின் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து வந்தாள்.

"டீ சாப்பிடறீங்ளாண்ணா?"

அவள் இதுவரை என்னை டீக்குக் கூப்பிட்டதே இல்லை. பேக்கரியில் டம்ளரை அவளே வாங்கி, கொஞ்சத்தைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, முக்கால் டம்ளராக என்னிடம் கொடுத்தாள். லாரி ஓட்டிய அப்பாவைப் பற்றி, அத்தா, அத்தா என்று பேசினாள். கண் மங்கியது என்று வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு மூன்று வருடம் தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, எங்கேயும் போகாமல், வாசலில் நின்றாராம். ஏன் இதை எல்லாம் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நாடி சுத்தம்! நாலு கோடும் நூல் பிடித்தது போல நேராக இருக்கின்றன.

"மூணாவது தடவ சுத்துனதுல சரியாயிடுச்சுண்ணா" என்று ரிஸ்வானா கிட்டுச்சாமியிடம் சொன்னாள். அவன் அவளைக் கட்டிப்பிடிக்க முடியாமல் என்னைக் கட்டிப்பிடித்தான். எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான். வரதராஜன் வெளிநாட்டு மோட்டாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் சந்தோஷம். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

வேறு ஒன்று உண்டு. எருமை என் பேச்சைக் கேட்கிறது, ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கிறது. வலது பக்கம் தள்ளினால் முன்பெல்லாம் உடனே சாயும். இப்போது ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சாய்கிறது.

மென்பொருள் மாற்றப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை. ஜூலை 12, சனிக்கிழமை, ரிஸ்வானா எழுதிய ஒரு வரி: ரிமோட் கட்டளையில் வேக அசைவுகளை வடிகட்டுதல்.

மோட்டாரில் ஒன்றும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. மாவு சலிப்பது போல என் விரல்நடுக்கத்தைச் சலித்துக் கீழே தள்ளிவிட்டு, மீதியை மட்டும் விமானத்துக்கு அனுப்புகிறாள். சலிக்க நேரம் பிடிக்கிறது. அதுதான் அந்த ஒரு மூச்சு.

ஒரு மாதம் நாங்கள் நாடி பிடித்தது எருமைக்கு இல்லை, எனக்கு.

நாளை அவளிடம் பேச வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று. பறக்கவில்லை. பேசவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

கை வலிக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

காலை ஒன்பது மணி. நான்கு கிலோ எடையோடு மலை தூரம் சுற்றிவிட்டு எருமை தானாக இறங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து மீட்டர், பன்னிரண்டு, பத்து. மேற்கே காற்றாலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்புவதைப் பார்த்தேன். அப்போதே கை சுவிட்சுக்குப் போய்விட்டது. காற்று இறக்கைக்கு அடியில் புகுந்து தூக்கியது. எருமை இடது பக்கமாகச் சறுக்கித் தகரக் கொட்டகையை நோக்கிப் போனது. கொட்டகைக்குள் கிட்டுச்சாமி சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

சுவிட்சைத் தட்டினேன். வலது பக்கம் முழுசாகத் தள்ளினேன். சரியாகத்தான் செய்தேன். நேரத்தோடுதான் செய்தேன்.

எருமை யோசித்தது.

அரை நொடிகூட இருக்காது. அதற்குள் ஒரு கால் தகரத்தில் இடித்துப் புரண்டது. ப்ரொப்பெல்லர் கூரையைக் கிழித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது கிட்டுச்சாமி மேஜைக்கு அடியில் இருந்தான். முழங்கையில் கீறல், அவ்வளவுதான். அவன் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் எனக்கு இதை எழுதக் கை இருந்திருக்காது. நானே வெட்டிப் போட்டிருப்பேன்.

அவன் வெளியே வந்து முதலில் மோட்டாரைத்தான் பார்த்தான். "மாப்ள, மறுபடியும் என்ற மோட்டாரா?" என்று கேட்டான். முழங்கையில் ரத்தத்தோடு கேட்டான்.

ரிஸ்வானா முகம் வெளுத்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினோம். நான் ஒரு கோழை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் கலாமணி பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். திருகினால் அது திரும்பவில்லை. கழற்றிப் பார்த்தேன். மேலே பொத்தான் சும்மா தைத்திருக்கிறது. அடியில் பிரஸ் பட்டன். ஆறு சட்டையிலும் அப்படித்தான். அழுத்தினால் மூடும், இழுத்தால் திறக்கும். சட்டை போடுவது ஏன் சுலபமானது என்று மூன்று வாரமாக நான் யோசிக்கவே இல்லை.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சித்திரையில. கல்யாணத்துக்குப் போனப்ப, நடக்கறப்ப உங்க வலது கை மட்டும் வீசாமத் தொங்கிட்டே வந்துச்சுங்க."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரிமோட்டப் புடிக்கற கைங்க அது. நானா அத எடுத்து உங்ககிட்டக் காட்டுவேன்?"

அழுதேன். எழுதிவைக்கிறேன், வெட்கமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பிளவுஸ் துணி முழுக்க நனைய அழுதேன். வாடிக்கையாளர் துணி என்று அவள் மெதுவாக உருவிக்கொண்டு, தன் முந்தானையைக் கொடுத்தாள்.

ஜூலை 23, புதன்

களத்தில் எல்லோரும் உடைந்த குழாயைச் சுற்றி நின்றார்கள். நான் ரிமோட்டைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

"மோட்டார்ல குத்தமில்லீங்க" என்று நானும், "ஃபில்டர் நான்தாங்க போட்டேன்" என்று ரிஸ்வானாவும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தோம். இருவரும் நிறுத்தினோம். பிறகு நான்தான் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். பத்து நொடி அசையவில்லை. எனக்கு மானம் போயிற்று. பிறகு ஆட ஆரம்பித்தது.

வரதராஜன் மேஜையிலிருந்த ரிமோட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒருத்தர் நோவை மறைச்சிருக்கீங்க. ஒருத்தர் பாசத்துல அதுக்குப் போர்வை போத்தியிருக்கீங்க. நடுவால ஒரு உசுரு போயிருக்கும்" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரிஸ்வானா அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. "உங்கள வாசல்ல நிக்க வெக்கக் கூடாதுன்னு நெனச்சேண்ணா" என்றாள். "காத்து வரும்னு நெனைக்காம விட்டுட்டேன்." நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்தக் கையைத்தான் வைத்தேன்.

கிட்டுச்சாமிதான் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. சாயங்காலம் பைக்கை எடுக்கும்போது வந்தான்.

"மூணு தடவ கம்பியப் பிரிச்சன்டா. பத்து நாளா சோறு எறங்கல. நீ பக்கத்துலயே உக்காந்து கத பேசிட்டு இருந்தே."

"தெரியும்டா."

"என்ன தெரியும்? நாளைக்கு உடைஞ்ச மோட்டார மறுபடி சுத்தணும். நீ வந்து கம்பி உருளையப் புடிக்கற."

"கை ஆடுதேடா."

"ஆடட்டும். உருளைய ஆட்டிட்டே இருந்தாத்தான் கம்பி சிக்காம வரும்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்துக் கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான், நான் பின்னாலேயே போகட்டும் என்று.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். வாசனை தெரியாமல் எத்தனை நாள் என்று கேட்டார். சளி என்றேன். கலாமணி என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சளி அன்றோடு போய்விட்டது.

பார்க்கின்சன் என்று பெயர். போகாது, ஆனால் மெதுவாகத்தான் நடக்குமாம். மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு. கோடு போட்ட நோட்டில் பெரிய எழுத்தாக எழுதிப் பழகச் சொன்னார். வரும் வழியில் கலாமணி இரண்டு கோடு நோட்டு ஒன்று வாங்கினாள். கடைக்காரர் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டார். ஒண்ணாங்கிளாசுங்க, கொஞ்சம் மக்கு என்றாள்.

ஜூலை 30, புதன்

உருளை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. ஆள் ஏறாத விமானம் என்கிறோம். அப்புறம் ஆபத்து வந்தால் எதற்கு ஓர் ஆளின் கட்டைவிரலை நம்புகிறோம்? என் விரல் இல்லாவிட்டால் இன்னொருவர் விரல். அவருக்குத் தும்மல் வந்தால்? மலை உச்சியில் அப்படி ஒருவரை எத்தனை நாள் நிற்க வைப்பது?

ரிஸ்வானாவிடம் சொன்னேன். ஒரே ஒரு பட்டன் போதும். பெரிதாக, கையால் குத்தினாலும் வேலை செய்கிற மாதிரி. அழுத்தினால் எருமை செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருக்கிற இடத்திலிருந்து நேராக மேலே ஏறி நின்றுகொள்ள வேண்டும். காற்றை அதுவே சமாளித்துக்கொள்ளட்டும், எங்களைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும். மறுபடி அழுத்தினால் இறங்கட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "ஆடற கை அழுத்தி, ரெண்டு தடவ பட்டுடுச்சுன்னா?"

"மூணு நொடிக்குள்ள பட்டது எல்லாம் ஒரு தடவைன்னு வெச்சுக்க."

முதல் முறையாக அவள் சிரித்து நான் பார்த்தேன். காலையில் கையால் நாடி பிடிக்கும் வழக்கத்தையும் எடுத்துவிட்டோம். எருமை இனிமேல் தன் நாடியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கலாமணி நாலு வகைக் கலந்த சாதம் செய்தாள். எதற்கும் வாசனை இல்லை. எலுமிச்சை சாதம் மட்டும் நாக்கில் தெரிந்தது. அதையே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பட்டனை நாற்பது முறை சோதித்தோம். நாற்பதும் சரி. கிட்டுச்சாமி கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு, இப்ப அழுத்துடா பார்க்கலாம் என்றான். மாட்டேன் என்றேன். வெளியே வந்தபின்தான் அழுத்தினேன்.

மலைக்கு யார் போவது என்ற பேச்சு வந்தது. கீழே விமானத்தை அனுப்ப ரிஸ்வானா வேண்டும், மோட்டாருக்குக் கிட்டுச்சாமி வேண்டும். மேலே பட்டனோடு நிற்க ஒருவர் வேண்டும்.

"மூர்த்தி போகட்டும்" என்றார் வரதராஜன், என்னைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கலாமணி மருந்துப் பெட்டிக்கு உறை தைக்கிறாள். குளிர் தாங்கும் துணி, இரண்டு மடிப்பு. கம்பெனி கொடுத்த உறையின் கொக்கியை நேற்று நான் கழற்ற முயன்று பத்து நிமிடம் போராடியதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டு கோடு நோட்டில், பெரிய எழுத்தில் எழுதுகிறேன். பக்கம் நிறையச் செலவாகிறது. ஆகட்டும்.

கீழிருந்து ஒரு ஜீப்பில் ஏற முடிந்த வரைக்கும் போய், மீதி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கருங்காட்டுப்பதியில் நாற்பது வீடு. சுகாதார நிலையத்து நர்ஸ் ஈஸ்வரி தரையில் வெள்ளைத் துணி விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார். ஊரே தள்ளி நின்றது. போன வருடம் இங்கே பாம்பு கடித்த இரண்டு பேரைக் கட்டில் கட்டித் தூக்கிப் போனார்களாம். ஒருவர்தான் திரும்பி வந்தாராம்.

போன் அடித்தது. "கெளம்பிருச்சுண்ணா" என்றாள் ரிஸ்வானா. பின்னால் கிட்டுச்சாமி, "மோட்டாரு நாலும் கல்லு மாதிரி இருக்குதுன்னு சொல்லும்மா" என்று கத்துவது கேட்டது.

பன்னிரண்டாம் நிமிடம் சத்தம் வந்தது. பதின்மூன்றில் மரங்களுக்கு மேல் எருமை. வாலின் மோட்டார் நின்றது, மேலே இருக்கும் நாலும் எழுந்தன. நேராக இறங்க ஆரம்பித்தது. இருபது மீட்டர். பத்து. அப்போது பள்ளத்திலிருந்து காற்று கிளம்பியது. மரங்கள் வெளுத்துத் திரும்பின. எருமை சாய்ந்தது, ஜனங்கள் நின்ற பக்கம்.

என் இரண்டு கட்டைவிரல்களும் வெறும் காற்றில் ரிமோட்டின் குச்சியைத் தேடின. இருபது வருடப் பழக்கம் அது. குச்சி இல்லை. பட்டன்தான் இருந்தது. வலது கை ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற கையாலேயே அழுத்தினேன்.

எருமை யோசிக்கவில்லை. நிமிர்ந்தது, நேராக மேலே ஏறியது, முப்பது மீட்டரில் போய்க் காற்றைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம் காத்திருந்தேன். இன்னும் அரை நிமிடம். மரங்கள் அடங்கின. மறுபடி அழுத்தினேன். வெள்ளைத் துணியின் நடுவில் வந்து உட்கார்ந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அது சொன்ன பேச்சைக் கேட்டது. அதுவும் பார்த்து, என்னிடம் ரிமோட் இல்லாத நாளில்.

நர்ஸ் என் கையைப் பார்த்தார்.

"குளிருதுங்களா சார்? மேல காத்து ஜாஸ்திங்க."

பேன்ட் பாக்கெட்டுக்குள் போன கையை வெளியே எடுத்தேன்.

"இல்லீங்க. நடுக்கம். வியாதிங்க" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

"பெட்டிய நான் தொறக்கட்டுங்களா?"

"வேண்டாங்க. நானே தொறக்கறேன்."

முழங்காலில் உட்கார்ந்தேன். கலாமணியின் உறையில் கொக்கி இல்லை. மேலே அழகுக்கு இரண்டு பொத்தான். அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இழுத்தேன். டப், டப். திறந்துகொண்டது. உள்ளே பத்துக் குப்பி, ஒன்றும் உடையவில்லை, எல்லாம் சில்லென்று இருந்தன. எடுத்து ஒவ்வொன்றாக நர்ஸின் கையில் கொடுத்தேன்.